கேள்வியும் கிதாரும்

கல்லூரி விழா மேடைகளில் கிதார் இன்று நிலையான இடத்தைப் பெற்றுவிட்டது. ஒரு காலத்தில் திரைப்படக் கதாநாயகனின் தோளில் மட்டும் தொங்கிய அக்கருவி, இப்போது நெசவாளர் வீட்டுப் பிள்ளையின் தோளிலும் வணிகர் வீட்டுப் பிள்ளையின் தோளிலும் தொங்குகின்றது. பாட்டுக்குத் துணையாக 'கார்டு' எனப்படும் சுரக்கூட்டுகளை மீட்டுவதோடு நம் இளைஞர்கள் நிறைவு கொள்வதில்லை. பாடுவோர் ஓய்ந்திருக்கும் இடைவெளியில் கிதார் தனித்து நின்று பேசுகின்றதே, அந்தத் தனிவாசிப்பைக் கற்றுவிட வேண்டும் என்பதே அவர்தம் பேரவா. 'சோலோ' என்று அவர்கள் வழங்குவது இதனையே.

இந்த ஆவலைப் பற்றி நம்மிடையே இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. படிக்கும் காலத்தில் கம்பியை மீட்டிக்கொண்டிருப்பது காலத்தை வீணாக்குவதன்றோ என்பது பெரியோர் சிலரின் கவலை. இன்னாருடைய தனிவாசிப்பை ஓர் ஒலிகூடப் பிசகாமல் வாசிப்பேன் என்பது இளைஞரின் பெருமிதம். முரண்பட்டவை போலத் தோன்றும் இவ்விரு கருத்துகளும் ஓர் இடத்தில் ஒன்றுபடுகின்றன. இருவர் கண்ணும் விரலின்மேலேயே நிற்கின்றன; செவியை இருவருமே எண்ணிப் பார்க்கவில்லை. தனிவாசிப்பைக் கற்பது முதலாவதாகச் செவியின் கல்வி, அடுத்துக் குரலின் கல்வி, அதன் பின்னரே விரலின் கல்வி என்பது நம் துணிபு. இவ்வரிசை மாறும்போது கிதார் மட்டுமன்று, எக்கல்வியும் பொருளற்ற பயிற்சியாகிவிடும் என்பதையே இக்கட்டுரையில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

அயற்கருவியா?

முதற்கண் ஓர் ஐயத்தை நீக்கிக்கொள்வோம். கிதார் அயல்நாட்டுக் கருவி. தமிழ்த்துறை மலரில் அதற்கென்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் முத்துசாமி தீட்சிதரின் இளவல் பாலுசாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பிய இசைஞர் ஒருவரிடம் வயலின் பயின்றார். இன்று வயலின் இல்லாத கருநாடக இசையரங்கை நினைத்துப் பார்க்க இயலுமா? சாக்சபோனைக் கத்ரி கோபால்நாத்தும் மாண்டலினை உ. சீனிவாசும் நம் காலத்திலேயே நம் இசைக்கு உரியனவாக்கிக் காட்டினர். கருவி எந்த நாட்டில் பிறந்தது என்பதைவிட, அதனை ஏந்தியவர் செவி எதனைக் கேட்டுப் பழகியது என்பதே அதன் மொழியை உறுதி செய்கின்றது.

கிதாரின் வரலாறும் ஒரே நாட்டுக்கு உரியதன்று. அதன் பெயர் கிரேக்கரின் 'கிதாரா'விலிருந்து அரபு மொழியின் 'கீதாரா' வழியாக வந்ததென மொழியறிஞர் கூறுவர். அதற்கு உறவான ஊத் என்னும் நரம்புக் கருவி அரபியரோடு ஸ்பெயின் நாட்டை அடைந்து, ஐரோப்பிய லூட் கருவிக்கு முன்னோடியாயிற்று. ஆகவே, கிதாரைக் கண்டவுடன் மேற்கை மட்டும் நினைப்பது வரலாற்றின் பாதியை மட்டும் படிப்பதாகும்.

யாழுக்கு ஒரு பெயர் கேள்வி

தமிழ் மாணவர் கருதிப் பார்க்கத்தக்க ஒரு சொல் 'கேள்வி'. இன்று அச்சொல்லுக்கு வினா என்றே பொருள் கொள்கின்றோம். திருவள்ளுவரோ கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்றோர் அதிகாரம் வகுத்தார். அங்கு அது கேட்டறிதலைக் குறிக்கும். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் பதினான்கு நரம்புகள் கொண்ட யாழே கேள்வி என்னும் சொல்லால் சுட்டப்படுகின்றது. வடமொழியில் 'சுருதி' என்னும் ஒரு சொல்லே மறையையும் இசையின் அடிநிலையையும் குறிப்பதை இதனோடு ஒப்பிட்டுக் காணலாம். கையால் மீட்டும் கருவிக்குச் செவியின் தொழிலைப் பெயராக இட்ட முன்னோரின் கருத்து ஆழ்ந்து எண்ணத்தக்கது.

கானல்வரியின் தொடக்கத்தில் மாதவி யாழை இயக்கிப் பார்க்கும் இடத்தில் எண்வகை இசைக்கரணங்கள் பேசப்படுகின்றன. உந்தல், உறழ்தல், வடித்தல் முதலிய அவை விரலின் தொழில்கள். ஆயினும் பழைய உரையில் அவற்றுக்குத் தரப்படும் விளக்கத்தைப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. உறழ்தலாவது, ஒரு நரம்பையோ இரண்டு நரம்புகளையோ இடையே விட்டு ஆராய்வது. உந்தலாவது, நரம்பை உந்தி அதன் வலிவையும் மெலிவையும் அறிவது. ஆராய்தல், அறிதல் என்று உரை பேசுகின்றது. விரல் நரம்பைத் தொடுவது செவி ஆராய்வதற்காகவே என்பது இதனால் விளங்கும். கிதார் பயில்வோர் தந்தியை ஒருபுறமாக இழுத்து ஒலியை உயர்த்துவதும், ஒரு மெட்டிலிருந்து மற்றொரு மெட்டுக்கு வழுக்கிச் செல்வதும், இடையே தந்திகளை விட்டுத் தாவுவதும் இவ்வகைத் தொழில்களே. எவ்வளவு இழுத்தால் சுரம் நிறைவு பெறும் என்பதை விரல் அறியாது; செவியே அறியும்.

மற்றுமொரு செய்தி. இசை நரம்புகளுக்கு இடையேயுள்ள உறவை இணை, கிளை, நட்பு, பகை என்று நம் முன்னோர் பகுத்தனர். தனிவாசிப்பின் உயிர்நிலை இந்தப் பகுப்பிலேயே இருக்கின்றது. கீழே ஒரு சுரக்கூட்டு ஒலித்துக்கொண்டிருக்க, மேலே கிதார் ஒவ்வொரு சுரமாகத் தேர்ந்தெடுக்கின்றது. அச்சுரம் கீழுள்ள கூட்டுக்கு உறவாகவும் அமையலாம், பகையாகவும் அமையலாம். பகைச் சுரத்தைத் தொட்டுச் சற்றே நின்று நட்புச் சுரத்தில் வந்து தங்கும்போது கேட்போர் நெஞ்சில் ஒரு நிறைவு பிறக்கின்றது. ஒரே சுரம் ஒரு கூட்டின்மேல் நட்பாகவும், அடுத்த கூட்டின்மேல் பகையாகவும் மாறும். இவ்வுறவுகளைக் கேட்டுணராதவர் எத்தனை விரைவாக வாசித்தாலும், பொருள் அறியாமல் ஒப்பிக்கும் சொற்பொழிவாளரையே ஒப்பார்.

அட்டையும் நெசவாளியும்

இன்று இளைஞர் பெரும்பாலோர் தனிவாசிப்பைக் கற்பது 'டேப்' எனப்படும் எண்குறிப்பின் வழியாக. ஆறு கோடுகள் ஆறு தந்திகளைக் குறிக்கும். கோட்டின்மேல் இட்ட எண், விரல் வைக்க வேண்டிய மெட்டைக் குறிக்கும். இது புதுமையானதன்று, சில நூற்றாண்டுகளுக்கு முன்பே லூட் வாசித்த ஐரோப்பியர் இத்தகைய குறிப்பைக் கையாண்டனர். அதனால் பயனில்லை என்று நாம் கூறவில்லை. விரல் எங்கே செல்ல வேண்டும் என்பதை அது சொல்லும். ஏன் அங்கே செல்ல வேண்டும் என்பதை அது சொல்லாது. கைப்பேசியில் பாடம் நடத்துவோர் வேகத்தைப் பாதியாகக் குறைத்து விரலை மட்டும் பெரிதாக்கிக் காட்டும்போதும் இக்குறை நீங்குவதில்லை.

இதனை விளக்க நம் வட்டாரத்துத் தறியே போதுமானது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் அமைந்தமையால் திருமுக்கூடல் எனப் பெயர் பெற்ற ஊரும், அதனைச் சூழ்ந்த காஞ்சிபுரப் பகுதியும் பட்டு நெசவின் பெருமையை அறிந்தவை. தறியின் மேலே ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டைகள் கோக்கப்பட்டிருக்கும். எந்தப் பாவு இழை எழும்ப வேண்டும், எது தாழ்ந்திருக்க வேண்டும் என்பதை அத்துளைகள் முடிவு செய்யும். தறிக்கு அந்த அட்டை போதும். மயிலா, மாங்காயா என்று தறி அறிய வேண்டுவதில்லை. நெசவாளிக்கு அது போதாது. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு ஒரு நிறமுமாகக் கோர்வைச் சேலை நெய்யும்போது மூன்று நாடாக்கள் ஓடும். துணைக்கு ஒருவர் உடனிருந்து கரைநாடாவைத் தள்ளுவார். இழை சற்றே இறுகினாலும் தளர்ந்தாலும் கரையும் உடலும் சேருமிடத்தில் குற்றம் தெரிந்துவிடும். அந்த இறுக்கத்தைக் கையும் கண்ணும் உணர்ந்தே அறிய வேண்டும். எந்த அட்டையிலும் அது துளையிடப்படவில்லை. எண்குறிப்பை மட்டும் நம்பிக் கிதார் கற்பவர், நெசவாளியாக விரும்பித் தறியாகவே நின்றுவிடுகின்றார்.

செவிவழி வந்தவர்கள்

செவிவழிக் கல்வியின் ஆற்றலுக்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மாண்டலின் சீனிவாசின் குருவாகிய உருத்ரராஜு சுப்பராஜு மாண்டலின் வாசிக்க அறியாதவர். அவர் பாடுவார், சிறுவராகிய சீனிவாஸ் அதனைக் கேட்டு மாண்டலினில் வாசிப்பார். விரல் வைக்கும் முறையைச் சொல்லித்தர ஆளில்லாமையே அங்கு ஒரு பேறாயிற்று. பாட்டில் வந்த வளைவையும் குழைவையும் தந்தியில் கொணரத் தமக்கென ஒரு வழியை அவர் கண்டுகொள்ள நேர்ந்தது. நான்கு இரட்டைத் தந்திகள் கொண்ட கருவியை ஐந்து தனித் தந்திகள் கொண்ட மின்கருவியாக அவர் மாற்றிக்கொண்டதும் அச்செவியின் தேவை கருதியே எனலாம்.

பாலாற்றின் கரையில் திருமுக்கூடலுக்கு மேற்கே உள்ளது இராணிப்பேட்டை. அங்குப் பிறந்த ஆர். பிரசன்னா கிதாரில் கருநாடக இசையை வாசித்து உலகறிந்தவர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் பயின்று, பின் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து பெர்க்லி இசைக் கல்லூரியிலும் பயின்றவர். அவருடைய கருநாடக இசை ஆசிரியர்களோ பாட்டிலும் வயலினிலும் வல்லவர்கள். கிதார் ஆசிரியரல்லாதாரிடம் கேட்டு, அதனைக் கிதாருக்கு உரியதாக்கினார். படிப்புக்கு இசை பகையாகும் என்று அஞ்சும் பெற்றோரும் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் நன்று.

குறிப்பெழுதுவது செவிக்கு எதிரானது என்று யாரும் கருதிவிடலாகாது. இளையராஜா ஐரோப்பிய முறையில் இசையை எழுதியே தம் குழுவினரிடம் தருபவர். கிதாரைத் தாமே முறையாகப் பயின்றவர். 1982இல் வெளிவந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் நிலவைப் பற்றிய பாடலுக்கு ஆர். சந்திரசேகர் வாசித்த கிதார்ப் பகுதியைப் பயிலாத தமிழ்நாட்டுக் கிதார் மாணவர் அரியர். தாளில் ஏறுமுன் அது ஒருவர் உள்ளத்தில் ஒலித்தது. உள்ளத்தில் ஒலித்ததை நினைவூட்டவே எழுத்து; ஒலியாததை எழுத்தால் ஒலிக்கச் செய்ய இயலாது.

கடல் கடந்தும் இந்நெறியே காணப்படுகின்றது. இசைத்தட்டுக் காலத்தில் அமெரிக்க இளைஞர்கள் நிமிடத்திற்கு 33 சுற்று சுழல வேண்டிய தட்டை 16 சுற்றில் ஓடவிட்டு, பாதி வேகத்தில் ஒவ்வொரு சுரமாகக் கேட்டுக் கற்றனர். வெஸ் மாண்ட்கோமரி (1923-1968) என்னும் ஜாஸ் கலைஞர் ஏறத்தாழ இருபது வயதில் கிதாரைக் கையிலெடுத்து, சார்லி கிறிஸ்டியனின் தனிவாசிப்புகளை இசைத்தட்டிலிருந்து செவியாலேயே கற்றார். அவற்றை வாசித்துக் காட்டவே அவருக்கு முதலில் மேடை கிடைத்தது. கற்றவற்றை வாசித்து முடித்ததும் வாசிக்க வேறொன்றும் இல்லாமல் அமர்ந்திருந்த நாள்களை அவரே பின்னர் நினைவுகூர்ந்துள்ளார். போலச் செய்தல் அவருக்கு முதற்படி. அங்கேயே நின்றிருந்தால் அவர் பெயரை இன்று எவரும் சொல்லார். ஜாங்கோ ரைன்ஹார்ட் (1910-1953) 1928இல் நேர்ந்த தீ விபத்தால் இடக்கையின் இரு விரல்கள் செயலிழந்த பின்னும், எஞ்சிய விரல்களால் வியத்தகு தனிவாசிப்புகளைப் படைத்தார். அவர் இசைக்குறிப்பு படிக்க அறியாதவர். விரல் குறைந்தாலும் செவி குறையாதவர்க்கு இசை கைகூடும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

மூன்று படிகள்

இசை கூடுமா, கூடாதா, எவ்வளவு கூடும் என்பது பற்றி நம் சமுதாய அறிஞர்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. அவ்வாராய்ச்சிக்குள் நாம் புகவில்லை; அது அதற்குரியோர் பணி. கற்பிக்கும் முறையைப் பற்றிய ஒன்றை மட்டும் வரலாற்றிலிருந்து எடுத்துரைப்போம். பாக்தாதிலிருந்து சென்று 822இல் குர்துபா நகரை அடைந்த ஸிர்யாப், ஊத் கருவியில் ஐந்தாம் நரம்பைச் சேர்த்தவர் என்றும், மரத்தால் மீட்டுவதற்கு மாறாகக் கழுகின் இறகால் மீட்டியவர் என்றும் வரலாற்றாசிரியர் குறிப்பர். அவர் மாணவர்க்கு மூன்று படிகளில் கற்பித்தாராம். முதலில் தாளமும் சொல்லும். அடுத்து அணிகளற்ற எளிய இன்னிசை. இறுதியாகவே அணிகளும் நுணுக்கங்களும். நம் இளைஞர் மூன்றாம் படியில் தொடங்குகின்றனர். நுணுக்கம் முதலில் வருகின்றது. இன்னிசை பின்னர் வருகின்றது. தாளம் சில வேளைகளில் வாராமலே போகின்றது.

திருக்குர்ஆன் ஓதுதல் இசையன்று என்பதை நாம் அறிவோம். ஆயினும் அதனைக் கற்பிக்கும் முறை செவிவழிக் கல்வியின் மேன்மையை நமக்கு நன்கு உணர்த்தும். எழுத்து முன்னே இருந்தும், உஸ்தாதின் முன் அமர்ந்து அவர் ஓதக் கேட்டு, தாம் ஓதிக் காட்டித் திருத்தம் பெற்றால்தான் ஓதல் செம்மையாகும். எவ்வளவு நீட்ட வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைத் தாளை மட்டும் பார்த்துக் கற்றுவிட முடியாது. இவ்வுண்மையை நம் வீட்டுப் பிள்ளைகள் இளமையிலேயே அறிந்தவர்கள். அறிந்ததை ஏனைய கல்விக்கும் பொருத்திக் காண்பதே வேண்டுவது.

மாணவர்க்குச் சில சொற்கள்

தனிவாசிப்பைக் கற்க விழையும் மாணவர்க்கு நாம் கூற விரும்புவது இதுவே. நெடியதொரு பகுதியை எடுத்துக்கொள்ளாமல் இரண்டு மூன்று அடிகளை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். சில நாள் கிதாரைத் தொடாமல் அதனையே கேளுங்கள். பிறகு பாடுங்கள், குரல் இனிதாக இருக்க வேண்டுவதில்லை, சுரம் சரியாக இருந்தால் போதும். பாட இயலாத இடம் இன்னும் கேளாத இடம் என்று கொள்க. பாடத் தெரிந்தபின் ஒரே தந்தியில் அச்சுரங்களைத் தேடிக் காணுங்கள். ஒவ்வொரு சுரமும் கீழுள்ள கூட்டுக்கு நட்பா, பகையா என்று கேட்டுப் பாருங்கள். அதே அடியை வேறொரு சுருதியில் வாசியுங்கள். எண்குறிப்பை இந்நிலையில் எடுத்து ஒப்பிடுங்கள். அது அப்போது உங்களுக்கு ஆசானாக இல்லாமல் நண்பனாக இருக்கும்.

இறுதியாக, கேட்ட அடிக்கு விடையாக நீங்களே ஓர் அடியை அமைத்து வாசியுங்கள். அது எளியதாக இருப்பினும் உங்களுடையது. கானல்வரியில் கோவலன் பாடக் கேட்ட மாதவி, அதே யாழை வாங்கி விடையாகத் தானும் பாடினாள். அவன் பாட்டையே திருப்பிப் பாடியிருந்தால் கானல்வரி ஏது?

தமிழ் வகுப்பில் ஒரு கிதார்

இவ்வளவையும் தமிழ்த்துறை ஏன் பேச வேண்டும்? தமிழ் வகுப்பிலும் இதே நோய் காணப்படுவதனாலேயே பேசுகின்றோம். வினா விடைத் தொகுப்பை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுபவர், எண்குறிப்பைப் பார்த்துத் தனிவாசிப்பு வாசிப்பவர்க்கு உடன்பிறந்தவர். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு பெயர்களையும் பிழையின்றி எழுதும் மாணவர் பலர். குரலும் இளியும் எவ்வாறு ஒலிக்கும் என்று வினவினால் விடையிறுப்போர் எத்தனை பேர்? 1917இல் 'கருணாமிர்த சாகரம்' தந்த ஆபிரகாம் பண்டிதரும், 1947இல் 'யாழ்நூல்' தந்த விபுலானந்த அடிகளும் நரம்பின் நீளத்தை அளந்தும் கணக்கிட்டும் ஆராய்ந்து எழுதினர். அவர்களுடைய உழைப்பு நம் கையில் பெயர்ப்பட்டியலாகச் சுருங்கிவிடலாகாது.

ஆகவே ஒரு வேண்டுகோளை முன்வைக்கின்றோம். அரங்கேற்று காதையைப் பாடம் சொல்லும் நாளில் கிதார் வைத்திருக்கும் மாணவர் அதனை வகுப்புக்குக் கொண்டுவரட்டும். திறந்த தந்தியைக் குரலாகக் கொண்டு மீட்டட்டும். பன்னிரண்டாம் மெட்டு, தந்தியைச் சரிபாதியாக்கும் இடம். அங்கே அதே குரல் ஒரு தானம் உயர்ந்து ஒலிப்பதை வகுப்பு முழுவதும் கேட்கட்டும். ஏழாம் மெட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தந்தி ஒலிக்கும். அங்கே இளி பிறப்பதைக் கேட்கட்டும். இரண்டையும் சேர்த்து மீட்டும்போது அவற்றின் உறவை எந்த உரையும் இன்றிச் செவி அறிந்துகொள்ளும். ஒரு மணி நேரத்தில் முடியும் இப்பாடத்திற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை.

இதனால் வேலை கிடைக்குமா என்று பெரியோர் கேட்கலாம். கிடைக்குமென்று நாம் உறுதி கூறவில்லை. திருமுக்கூடல் கோயிலில் வீரராசேந்திர சோழன் (1063-1070) காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. மறையும் இலக்கணமும் கற்பித்த கல்விச்சாலையையும், பதினைந்து படுக்கைகள் கொண்ட மருத்துவச்சாலையையும் அது ஒருங்கே பேசுகின்றது. அக்கல்விச்சாலையில் பாடம் செவிவழியே நடந்தது. நோய்க்கு மருந்து தரும் சாலையும், கேட்டுக் கற்கும் சாலையும் ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்று எண்ணியவர்கள் வாழ்ந்த மண் இது. உற்றுக் கேட்கப் பழகிய இளைஞர் எத்தொழிலுக்குச் சென்றாலும் பிறர் சொல்வதை முழுதும் கேட்பார். கேட்டபின் தம் விடையைச் சொல்வார். வீட்டுக்கும் நாட்டுக்கும் இன்று வேண்டப்படும் பண்பு அது.

மூன்று ஆறுகள் கூடுவதால் ஓர் ஊருக்குத் திருமுக்கூடல் என்று பெயர் வந்தது. செவி, குரல், விரல் என்னும் மூன்றும் கூடும்போதுதான் கல்வி கல்வியாகின்றது. பெரியோர் கருவியைக் கண்டு முகம் சுளியாமல் ஒருமுறை அமர்ந்து கேட்க வேண்டும். மாணவர் விரலின் வேகத்தில் மயங்காமல் தம் செவியைக் கூர்மையாக்க வேண்டும். ஆசிரியராகிய நாம் அவ்விருவரையும் ஒரே வகுப்பறையில் அமர்த்திக் கேள்வியின் சுவையை ஊட்ட வேண்டும். அடுத்த கல்வியாண்டில் சிலப்பதிகாரம் திறக்கும் நாளிலேயே அதனைத் தொடங்குவோமாக.